கித்தாருக்குப் போன காலித் தோட்டாக்கள்

போன சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என் மகள் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தன் மின்சாரக் கித்தாரைக் கிடத்தினாள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, அவை அடிப்பக்கத்தில் ஏறி உட்காரும் சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தாள். அவற்றுக்குச் சேடில் என்று பெயராம். பழையவை மலைப்பனியில் துருவேறிய இரும்பு. புதியவை பித்தளை, கோலாலம்பூரிலிருந்து தபாலில் வந்தவை. பித்தளை போட்டால் நாதம் கனமாக வரும் என்றாள். ஒன்று கொஞ்சம் பெரிதாக இருந்ததால் அரம் கொண்டு ராவினாள்.

ராவிய பித்தளைக்கு ஒரு வாடை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? காசை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டதுபோல் இருக்கும். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். தேநீர் ஆறுகிறது என்று அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். சேடில் என்ற பெயர்தான் எனக்குப் புதிது. பொருளை நான் அவள் பிறப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது, யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டோம், எல்லாம் இருக்கும். செத்த நேரத்தையும் எழுதி வைத்துவிட்டுத்தான் சாவீர்கள் என்பாள் என் மனைவி. வெள்ளைக்காரன் ஆட்சியில், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட அவசரகாலத்தில், தானா ராத்தா மலையூருக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் துப்பாக்கிப் பதிவேட்டையும் என் தலையில் கட்டினார்கள். தோட்டத்துக் காவலுக்கு நிறுத்தியிருந்த ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு வேண்டும். காலித் தோட்டாவும் திரும்பி வர வேண்டும். அது காட்டுக்குள் இருப்பவர்கள் கைக்குப் போனால் மருந்தும் ஈயமும் அடைத்து மறுபடி நம் மேலேயே சுடுவார்கள். வியாழக்கிழமைதோறும் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பார்.

அந்தக் காவலர்களில் ஒருவன் சவரிமுத்து. என் வயதுதான். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவனுக்குக் காக்கிச் சட்டையும் துப்பாக்கியும் கொடுத்து, சின்னத் துரைக்குக் காவலாகப் போட்டிருந்தார்கள். தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத் துரைக்கு இருபத்தாறு வயதிருக்கும். சிங்கப்பூரிலிருந்து மின்சாரக் கித்தார் ஒன்று கொண்டுவந்திருந்தார். தோட்டத்தில் தொழிற்சாலை எஞ்சின் ஓடினால்தான் மின்சாரம். அதனால் துரையும் காவலனும் இலை உருட்டும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில், கொழுந்து வாடை நடுவே, பழைய தேயிலைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்து வாசிப்பார்கள். துரைதான் சொல்லிக்கொடுத்தார். ஆறே மாதத்தில் சவரி அவரைத் தாண்டிவிட்டான். துரையே அதைச் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு நாங்கள் மூவரும் ஜீப்பில் தானா ராத்தாவுக்குப் புறப்பட்டோம். நான் தபாலோடு பின்னால் இருந்தேன். சாயங்காலம் கிளப்பில் வாசிப்பதற்காகக் கித்தாரும் பெட்டியோடு என் பக்கத்தில் இருந்தது. மூன்றாவது வளைவில் சாலைக்குக் குறுக்கே மரம் கிடந்தது. துரை பிரேக்கை மிதித்தார். அவர் தொண்டை திறந்துகொண்ட பிறகுதான் வெடிச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் உருண்டு ஜீப்புக்கு அடியில் போய்விட்டேன். ஜீப்பின் அடித்தட்டு இடுக்கு வழியே துரையின் ரத்தம் என் கழுத்துப்பட்டியில் சொட்டியது. சூடாக இருந்தது.

பயத்தில் சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள், சிலர் தாயைக் கூப்பிடுவார்கள். நான் எண்ணினேன். பின்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து சவரி சுட்ட ஒவ்வொரு குண்டையும் வாய்விட்டு எண்ணினேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அவன் குரல் வந்தது.

"கிராணி, உசிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப எண்ணிக்கிட்டே இரு. சத்தம் நின்னுச்சின்னா நீ போய்ட்டேன்னு வச்சிக்கிறேன்."

பதினொன்றோடு எல்லாம் ஓய்ந்தது. மேட்டில் ஒருவன் குப்புறக் கிடந்தான். சவரி காலால் புரட்டினான். எங்கள் வயதுப் பையன், தாடை இல்லை. சவரி தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மண்டியிட்டுக் காலித் தோட்டாக்களைப் பொறுக்கினேன். பதினொன்றும் கிடைத்தன. கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

ஒரு குண்டு கித்தார்ப் பெட்டியைத் துளைத்திருந்தது. கித்தாரின் உடம்பு தப்பியது. கம்பிகள் உட்காரும் இடம் மட்டும் சிதறிப்போயிருந்தது. துரையை அடக்கம் செய்துவிட்டு வந்து, பெரிய துரை அந்தக் கித்தாரைச் சவரியிடம் கொடுத்துவிட்டார். நான் பதிவேட்டில் எழுதினேன்: சுட்டது பதினொன்று, சாலையில் பொறுக்கியது பதினொன்று. பிஸ்கட் தகரத்தில் போட்டு அலுவலக அலமாரியில் வைத்தேன். சுட்டவர்களைத் தேடிக் காட்டுக்குள் போயிருந்ததால் அந்த வியாழன் அதிகாரி எண்ண வரவில்லை.

ஞாயிறு கோயில் முடிந்ததும் சவரி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தகரத்திலிருந்து மூன்று எடுத்துக்கொண்டானாம். தோட்டாவின் கழுத்துப் பாகம் அந்தக் கித்தாருக்கு வேண்டிய பருமன்தானாம். அறுத்து, உள்ளே ஈயம் ஊற்றி, துளை போட்டுப் பொருத்திவிட்டான். இரண்டு கம்பிக்கு ஒன்று வீதம் மூன்று சேடில்.

"மூணு பள்ளத்துல உருண்டுருச்சின்னு எழுதிடுலா. எவன் எறங்கித் தேடப் போறான்?"

பள்ளம் இருநூறு அடி. உண்மையாகவே எவரும் இறங்கியிருக்க மாட்டார்கள். பெரிய கிராணியும் அதையேதான் சொன்னார், ஓர் எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் முடிந்தது என்று. ஆனால் மூன்று வருடமாக என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. அதிகாரிகள் அதைப் பார்த்து மெச்சியிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றேன். பிறகு நான் அந்த எண்ணைத் தொடவே இல்லை.

அன்று மத்தியானம் அவன் தொழிற்சாலையில் வாசித்தான். முன்பு கித்தார் கீச்சென்று பேசும். இப்போது அடிவயிற்றிலிருந்து பேசியது. எஞ்சின் டிரைவர் கைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் என் மேசை மைப்புட்டிக்குப் புது மூடி வந்திருந்தது. பழைய தக்கை இற்றுப்போய்விட்டது என்று நான் புலம்பியது சவரிக்கு நினைவிருந்திருக்கிறது. புதுத் தக்கை, அதன் தலையில் பிடித்துத் தூக்க மெருகேற்றிய ஒரு பித்தளைப் பொத்தான். "மூடாம வச்சா மை காஞ்சிரும். நீயும் காஞ்சிருவ," என்றான்.

வியாழன் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். தகரத்தைக் கவிழ்த்து எண்ணினார். எட்டு. பதிவேட்டைப் பார்த்தார். பதினொன்று. என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சாலையில் தொலைந்திருந்தால் அது விபத்து. அலுவலகத் தகரத்திலிருந்து தொலைந்தால் அது வேறு.

வாசலில் நின்ற சவரி தானாகவே முன்னால் வந்து சொல்லிவிட்டான். கித்தாரைக் கொண்டுவரச் சொல்லி மூன்றையும் கழற்றினார்கள். இவை வெறும் கழுத்துத் துண்டுகள், முத்திரை உள்ள அடிப்பாகம் எங்கே என்று அதிகாரி கேட்டார். அவரும் என்னைப்போல் ஒழுங்கான மனிதர். பட்டறைக் கழிவுப் பெட்டியிலிருந்து இரண்டு கிடைத்தன.

"லாகி சத்து மானா?" இன்னும் ஒன்று எங்கே என்று மலாயில் கேட்டார்.

சவரி நிமிர்ந்து என் மேசைப் பக்கம் பார்த்தான். ஒரு கண நேரம்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல சார்," என்றான்.

அதிகாரியோடு வந்திருந்த போலீஸ்காரர்களின் துப்பாக்கிக் கட்டையால் முதல் அடி வயிற்றில். அவன் மடிந்தபோது முழங்காலால் முகத்தில் ஒன்று. பல் ஒன்று தெறித்துச் சிமெண்ட் தரையில் ஓடி என் நாற்காலிக் காலில் முட்டி நின்றது. மறுபடி கேள்வி. மறுபடி "தெரியல சார்." யாருக்குக் கொடுத்தாய், காட்டுக்குள் யாரிடம் போயிற்று? பிறகு இருவர் அவன் இடது கையை இழுத்து வாசற்படிக் கல்லில் வைத்து மிதித்துப் பிடித்தார்கள். மூன்றாமவன் கட்டையை இறக்கினான். விரல் ஒடிவது காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல்தான் கேட்கும். நான்கு முறை கேட்டது. அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எண்ணியபடியே மைப்புட்டியைத் திறந்து, அதிகாரி சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதினேன். எழுதி முடித்ததும் மூடி வைத்தேன்.

அவனை லாரியில் தூக்கிப் போட்டார்கள். கித்தாரும் சாட்சியமாக ஏறியது. தடுப்பு முகாமில் இருக்கிறான் என்றார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்ற உத்தரவாகியிருக்கிறது என்றார்கள். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஊர் என்று அவனுக்குத் தெரிந்தது தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும்தான்.

கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மைப்புட்டி மூடியைத் திறக்கையில் பித்தளைப் பொத்தான் தக்கையிலிருந்து கழன்று என் கையோடு வந்தது. அரக்கு வைத்து ஒட்டியிருந்தான். மேலே தெரிந்தது அறுத்து மெருகேற்றிய பக்கம். தக்கைக்குள் இருந்த பக்கத்தில் வட்டமாக முத்திரை எழுத்துகள், நடுவில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம். வாரம் ஐம்பது பார்க்கிறவன் நான், சந்தேகமே இல்லை. மூன்றாவது அடிப்பாகம்.

அதை எடுத்துக்கொண்டு தானா ராத்தா போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவனை விட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் காட்டுக்குள் ஒன்றும் போகவில்லை என்றாவது தெரிந்திருக்கும். என்னையும் பிடித்திருப்பார்கள். பொருளை மேசைமேல் வைத்துக்கொண்டே வாக்குமூலம் எழுதிய கிராணியை யார் நம்புவார்கள்? வாசற்படிக் கல் என் மேசையிலிருந்து நான்கடி. அந்தப் பன்னிரண்டு நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். போலீஸ் நிலையத்துக்குப் போகவில்லை. கப்பல் புறப்பட்ட நாளுக்கு உரிய பக்கம் மட்டும் என் நாட்குறிப்பில் வெறுமையாக இருக்கிறது. மழைகூட எழுதவில்லை.

மகள் புதுச் சேடில்களைப் பூட்டி வாசித்தாள். நாதம் கனமாகத்தான் வந்தது. வீட்டில் வேறொரு பிஸ்கட் தகரத்தில் நான் போட்டு வைத்திருந்த பித்தளைப் பொத்தானை அவளிடம் காட்டலாமா என்று யோசித்து, மறுபடி மூடி வைத்தேன்.

மூன்றாவது வளைவைப் பாறை உடைத்து நேராக்கிவிட்டார்கள். சுற்றுலா பஸ்கள் அங்கே வேகம் குறைப்பதே இல்லை. அலுவலகம் இருந்த இடத்தில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார்கள். வாசற்படிக் கல்லை யார் கொண்டுபோனார்களோ தெரியாது. சவரியிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அந்தக் கையால் அவனுக்கு வேலை யார் கொடுத்திருப்பார்கள்? தோட்டம் கைமாறியபோது பழைய பதிவேடுகளைத் தொழிற்சாலைக்குப் பின்னால் குவித்து எரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னுடையது நன்றாக எரிந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதில் ஓர் அடித்தல்கூட இல்லை.