ஜும்மா நேரத்தில் மாற்றிய ஆயில்

பதினோரு நாளாக ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பால் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். மாட்டுப் பால் இல்லை. என் மனைவியின் பால்.

குழந்தை ஏழாம் மாசமே பிறந்துவிட்டது. பெண். ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட்டை விட லேசு. ஆம்பூரில் ஆபரேஷன் செய்து எடுத்த கையோடு ஆம்புலன்சில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு ட்யூப். பேர் வைக்கவில்லை, காலில் கட்டின பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பேரை எழுதியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கோ தையல் பிரிந்து, சீழ் வைத்து, காய்ச்சல். படுக்கையை விட்டு அசையக்கூடாது, பஸ் கார் எதிலும் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேலூர் டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பவுடர் பால இந்த வயிறு தாங்காது. தாய்ப்பால்தான் இவளுக்கு மருந்து. தினம் கொண்டாந்துடுங்க, ஐஸ்ல வெச்சு. சூடாயிட்டா பிரயோஜனமில்ல."

தாய் ஆம்பூரில், பிள்ளை வேலூரில். நடுவில் ஐம்பது கிலோமீட்டர் நேஷனல் ஹைவே. அதில் ஓட நான்.

முதல் இரண்டு நாள் பஸ்ஸில் போனேன். எங்கள் வீடு ஆம்பூரை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, நின்றுகொண்டே போய், தெர்மோகோல் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, போய்ச் சேரும்போது ஐஸ் பாதி தண்ணீர். சிஸ்டர் முகம் சுளித்தார். மூன்றாம் நாளிலிருந்து பைக்கை எடுத்தேன். ஒரு மணி பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம்.

பைக் என்றால் பெரிய பைக் இல்லை. குடியாத்தத்தில் ஒருத்தனிடம் வாங்கின பழைய நூறு சி.சி. வண்டி. "ஒரே கை ஓட்டின வண்டிண்ணா" என்றான். எல்லாரும் சொல்வதுதான். வாங்கினதிலிருந்து நான் அதற்குப் பெட்ரோல் தவிர எதுவும் காட்டினதில்லை. பத்தாவது நாள் மாதனூர் தாண்டும்போது எஞ்சின் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. தெருமுனை மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதில் ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"இது ஆயிலா? தாரு. மாத்தாம ஓட்டின, எஞ்சின் கோவிந்தா. வண்டிய வுட்டுட்டுப் போ, நாளைக்கு சாயங்காலம் வா."

நாளை சாயங்காலமா! எனக்கு நாளை மதியம் ஒரு மணிக்கு வண்டி வேண்டும். ஒரு டப்பா ஆயில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நானே மாற்றிக்கொள்கிறேன், இன்னா பெரிய கம்பசூத்திரம்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டேகாலுக்கு உள்ளே மனைவி பால் எடுக்க உட்கார்ந்தாள். அது லேசுப்பட்ட வேலை இல்லை. பிள்ளை வாய் வைக்காத மார்பில் பால் எங்கே இறங்கும்? ஒரு கையால் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அழுத்தி அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு எடுப்பாள். முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று சின்ன கப். மூன்றையும் சேர்த்தால் ஒரு டம்ளரின் அடி மறையாது. அதிலும் ட்யூபில் விட்ட பால் பாதி திரும்பி வந்துவிடும். வயிற்றில் நின்றுவிட்டால் 'குடிச்சிட்டா' என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. முழுசாகக் குடித்தாள் என்று நான் ஒரு நாளும் வந்து சொன்னதில்லை. தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் கேட்பது அதுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் ஆயிலை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, அடியில் பழைய டின் ஒன்றை வைத்து, பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் எஞ்சின் அடியில் இருக்கும் போல்ட்டைத் திருகினேன். கெட்டி. காலால் மிதித்துத்தான் அசைந்தது. கன்னங்கரேலென்று கொட்டியது பாருங்கள், எனக்கே வெட்கமாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினேன்? பாவம் அந்த வண்டி.

போல்ட்டில் ஒரு மெல்லிய அலுமினிய வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தது. பழசு, போட்டால் கசியும் என்று கத்தி முனையால் நெம்பினேன். இரண்டாக உடைந்து கையில் வந்தது.

வாஷர் இல்லாமல் போல்ட்டு மாட்ட முடியாது. ஸ்பேர்ஸ் கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. ஜும்மா நேரம். பக்கத்துக் கடைக்காரர் தொழுகைக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "பாய் ரெண்டு மணிக்குத் தொறந்துடுவார், ஒரு மணி நேரம் பொறுங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் மனைவி மூன்றாவது கப்பை மூடிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு ஐஸும் வாங்கி வந்தாகிவிட்டது. கிளம்ப வேண்டிய நேரம்.

அப்போதுதான் அந்த அறிவு வந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். எங்கள் ஊரில் எதற்கும் தோல்தான் வைத்தியம். கதவு ஆடினால் ஒரு துண்டுத் தோல், கட்டில் கால் கிறீச்சிட்டால் ஒரு துண்டுத் தோல். தெருவில் இருக்கும் அடிபம்புக்குள்ளேயே தோல் வாஷர்தான். அது வருஷக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து நிறுத்தவில்லையா? தண்ணீரை நிறுத்தும் தோல் ஆயிலை நிறுத்தாதா? என் பையில் எப்போதும் நாலு துண்டு கிடக்கும். நல்ல கெட்டியான ஒன்றை எடுத்து, வட்டமாக வெட்டி, நடுவில் பஞ்ச் அடித்து, போல்ட்டில் மாட்டி முறுக்கினேன். எவ்வளவு பதமாக உட்கார்ந்தது! புது ஆயிலை ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, அடியில் பேப்பர் விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"கட தொறக்கட்டுமே. ஒரு மணி நேரந்தானே?" என்றாள் மனைவி, கட்டிலை ஒட்டிய ஜன்னல் வழியாக.

"பால் கெட்டுடும்."

"இன்னும் கொஞ்சம் ஐஸ் போட்டா?"

"சும்மா இரு, எனக்குத் தெரியும்" என்றேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். பதினோரு நாளாகத் தூக்கம் இல்லாதவன் வேறெப்படிப் பேசுவான்? அவள் பெட்டியை நீட்டினாள். "இன்னிக்காவது குடிச்சிடுவாளா?" என்று கேட்டாள். நான் பெட்டியைப் பையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வண்டி ஜம்மென்று ஓடியது. கடகட சத்தம் காணோம். மாதனூர், வெட்டுவாணம், பள்ளிகொண்டா டோல்கேட் எல்லாம் தாண்டியாகிவிட்டது. மனசுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். டோல்கேட் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டரில் எஞ்சின் ஒரு மாதிரி முனகியது. அடுத்த நொடி பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் என்னையும் தள்ளி விழுந்தது. முழங்கால் சிராய்ந்தது ஒரு பக்கம். பெட்டியின் மூடி இரண்டாகப் பிளந்து ஐஸெல்லாம் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தது. மூன்று கப்பும் உடையவில்லை. கையில் அகப்பட்ட ஐஸை வாரிப் போட்டு, வண்டியைத் தூக்கி நிறுத்தி, பையை மறுபடியும் ஹேண்டிலில் மாட்டினேன்.

குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கு அடியில் போல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

சூடு பட்டால் தோல் சுருங்கும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் போட்ட துண்டு சுருண்டு பாதியாகிப் போவதைக் கம்பெனியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அடிபம்பில் ஓடுவது பச்சைத் தண்ணீர். எஞ்சினில் ஓடுவது கொதிக்கிற ஆயில். தோல் சுருங்கி, போல்ட்டு லூசாகி, ஆடி ஆடி எங்கேயோ விழுந்துவிட்டது. ஆயிலெல்லாம் கொட்டி எஞ்சின் இறுகிவிட்டது.

அதன் பிறகு நான் செய்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. பஸ்ஸை நிறுத்தி ஏறியிருக்க வேண்டும். பாலை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் போல்ட்டைத் தேடப் போனேன். ரோட்டில் ஆயில் கோடு போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன், தலையைக் குனிந்துகொண்டு, சித்திரை வெயிலில், லாரிகள் என்னை உரசிக்கொண்டு போக. கிக்கரை மிதித்துப் பார்த்தாகிவிட்டது, கல்லாக நின்றது. போல்ட்டு கிடைத்தாலும் வண்டி ஓடாது என்று தெரியும். தெரிந்தும் நடந்தேன். இந்த வண்டி போனால் நாளைக்கு எப்படி, நாளன்றைக்கு எப்படி என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு என்ன என்று அந்த மண்டை ஒரு தடவை யோசித்ததா? இல்லை. டோல்கேட் வரைக்கும் போனேன். போல்ட்டு கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வண்டி பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். எதிரே புளியமரத்தடியில் இளநீர் விற்பவர். என் பையை வெயிலிலிருந்து எடுத்துத் தன் ஈரச் சாக்குக்கு அடியில் வைத்திருந்தார்.

"இன்னா நைனா, பைய வெயில்ல தொங்க வுட்டுட்டு எங்க போன? உள்ள இன்னா கீது?"

"பால்மா. கொழந்தைக்கு. வேலூர் ஆஸ்பத்திரில இருக்குது."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி! பால வெச்சிக்கினு ரோட்ல இன்னாத்தத் தேடற?"

"போல்ட்டு."

"போல்ட்டா!" தலையில் அடித்துக்கொண்டார்.  அரிவாளைக் கையில் பிடித்தபடியே நடுரோட்டுக்குப் போய் நின்று, வேலூர் பஸ் ஒன்றை மறித்தார். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். "ஏறு. வண்டிய நான் பாத்துக்கறேன். ஏறுடா!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார். நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பஸ்ஸில் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர். குளிர்ச்சி கொஞ்சம் இருக்கிறது, இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சிஸ்டர் கப்பைக் கையில் வாங்கியதுமே நிமிர்ந்து பார்த்தார். "எப்ப எடுத்தது?"

"பன்னண்டரை."

"இப்ப மணி அஞ்சாகப்போகுது. இதக் குடுக்க முடியாதுங்கப்பா."

"லேசாத்தான் சூடு, சிஸ்டர். ஒரு கப்பாவது குடுங்க. ஒரே ஒரு கப்பு. அவ அம்மாவுக்கு வயித்துல தையல் பிரிஞ்சிருக்குது, சிஸ்டர். அழுதுகினே எடுத்த பாலு." ஐ.சி.யு. வாசலில், அத்தனை பேர் பார்க்க, ஒரு ஆம்பளை கையெடுத்துக் கும்பிட்டு அழுதேன்.

"புரியுது. ஆனா இதனால வயித்துல இன்ஃபெக்‌ஷன் வந்தா, காப்பாத்த முடியாது. இன்னிக்கு டிரிப்ஸ்ல சமாளிக்கிறோம். நாளைக்கு நேரத்தோட கொண்டாங்க." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். மூன்று கப்பையும் வாஷ்பேசினில் கவிழ்த்தார். கடைசிக் கப்பில் ஒட்டிக்கொண்டிருந்த சொட்டையும் தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

கண்ணாடிக்குள் என் மகள் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு கிடந்தாள். சத்தம் போட்டு அழத் தெம்பு இல்லாத பிள்ளை.

பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி நின்றுவிட்டது என்று ஆரம்பிக்கலாம். கடை திறக்கும்வரை இருந்திருக்கலாம், நீ சொன்னாய், நான் கேட்கவில்லை என்று சொல்லலாம். காலில் விழுந்துவிடலாம். உள்ளே நுழைந்தேன். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் கால் ரத்தத்தை அவள் பார்க்கவே இல்லை.

"குடிச்சாளா?"

"குடிச்சா" என்றேன். "எல்லாத்தையும் குடிச்சிட்டா. ஒரு சொட்டு திரும்பி வரல."

பதினோரு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். அடுப்படியில் இருந்த தன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். கூடவே அழுதாள், இது வேற அழுகை. சாப்பாடே வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தவள் ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் நாலு கப் நிறைந்தது. அதற்கடுத்த நாள் ஐந்து. நான் பஸ்ஸில் கொண்டுபோனேன். காலை ஐந்து மணிக்கே கிளம்பி, ஒரு நாளும் தவறாமல்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இரண்டரை மாசம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இப்போது ஒன்றாம் வகுப்பு. வாய் ஜாஸ்தி, அடங்கமாட்டாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டி முடிந்ததும் அம்மா மடியில் ஏறிக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்வாள். மனைவியும் அலுக்காமல் சொல்வாள், வந்திருக்கும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"அது வரிக்கும் இவ பொழைப்பாளான்னே தெரியல. அன்னிக்கு வெள்ளிக்கிழம. ஒரு சொட்டு மிச்சம் வெக்காம எல்லாத்தையும் குடிச்சிட்டா. அங்கதான் தேற ஆரம்பிச்சா. அதக் கேட்டப்புறந்தான் எனக்கும் உயிரு வந்துச்சு."

போன மாசம் பிறந்தநாள். இந்தத் தடவை மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவாப்பா? ஒரு சொட்டுகூட வெக்கலியா? நீ பாத்தியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றேன்.