கப்பலேறாத வாத்தியார்

ஆங்கிலம் தெரிந்தவர்களே சீமைக்குப் போகிறார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையை இன்றே திருத்தியாக வேண்டும். தெரியாதவர்கள்தான் போகிறார்கள், தெரிந்தவன் விருதுநகரில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அறுபதுகளில் என் வீட்டு முன்னறையில் நடந்த தொழில் அதுதான். ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறிவிட்டுப் பசியோடு நிற்பவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மழைப் பேச்சு

சிவகாசிப் பட்டாசு போர்மேன் சங்கரலிங்கம், மச்சான் கூப்பிட்டு லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே போனால் ஆங்கிலம் பேசியே ஆகவேண்டும் என்று என்னிடம் அனுப்பியிருந்தார்கள். முன்பின் தெரியாதவரிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதே அந்த ஊர் மரியாதை என்று விளக்கி, வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"மழை வந்தா காயப்போட்ட வெடிய அள்ளிக்கிட்டு ஓடணும் சார். நின்னு பேசுறவனை எங்க கம்பெனியில வச்சிருக்க மாட்டாக."

மாலை மரியாதை

அவரை வழியனுப்ப ரயில் நிலையத்தில் பெருங்கூட்டம். தலைமை தாங்க வந்த பிரமுகருக்கு எங்கள் இருவரையுமே தெரியாது. கோட்டும் டையுமாக நின்றவன் நான் ஒருவன்தான். மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டுக் கண்கலங்கினார். நானும் தலையைச் சற்றுக் குனிந்துதான் கொடுத்தேன். சங்கரலிங்கம் மெல்ல என் காதருகே வந்தார்.

"வண்டி வந்துருச்சு சார். மாலையைக் கழட்டித் தாங்க."

கைத்தொழில்

இனிப் பொறுப்பதில்லை என்று, மனைவி ரெபேக்காளையும் அழைத்துக்கொண்டு, சீமைக்கு ஆள் அனுப்பும் மதுரை ஏஜெண்டிடம் போனேன். என்ன தொழில் தெரியும் என்று கேட்டார். ஆங்கிலம் என்றேன்.

"அங்கன அது கைப்பிள்ளைக்கே தெரியுமே சார்!" என்றவர், ரெபேக்காள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன பண்றீகம்மா?"

"ஆஸ்பத்திரியில நர்சு."

எழுந்து, தன் நாற்காலியையே துடைத்துப் போட்டார்.

"அடடா, ஏன் நிக்கீக? உக்காருங்கம்மா."

வழியனுப்பு

ரெபேக்காளுக்கு வேலை உறுதியாயிற்று. என் வகுப்பில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரி ஆங்கிலம். பெருமைப்பட முயன்றேன், வரவில்லை. "அந்த ஊரில் ஆங்கிலம் இல்லாமல் பிழைக்க முடியாது. பத்துப் பாடமாவது படித்துவிட்டுப் போ" என்றேன். பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்:

"வலியில முனங்குறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், மிச்சத்தை அங்க போய்ப் படிச்சுக்கிடுறேன். பிள்ளைகளைப் பாத்துக்கோங்க. நான் நிலைச்சதும் கூப்பிடுறேன், அதுவரைக்கும் இங்கிலீசை மறந்துராதீக."

அவள் கப்பலேறிய மறுநாளிலிருந்து என் வகுப்பு அடுப்படியில் நடந்தது.