சித்தப்பா கழற்றிய ஹீட்டர்

வானத்தில் ஒரு துண்டு மேகம் கண்டாலும் சித்தப்பா தன் காரை வெளியே எடுக்க மாட்டார். மழைக்காலம் முழுக்க அது கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்து, கைமாறி வந்த பழைய சீமைக் கார். வேலைக்குப் போக சித்தப்பாவிடம் சைக்கிள் இருந்தது. காருக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும்தான். துடைப்பார், எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பார், சமயநல்லூர் வரை ஓட்டிப்போய் வெயில் உறைப்பதற்குள் திரும்பிவிடுவார்.

"உங்க சித்தப்பாவுக்கு மூத்த சம்சாரம் அதுதான்" என்பாள் அம்மா. இளைய சம்சாரமான சித்தியும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் காரில் ஹீட்டர் இருந்தது. முன் இருக்கையில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு எதிரே ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. மலைக்குளிருக்காகப் பொருத்தியது. மதுரைக்கு வந்த பிறகு அது எங்கள் தெருவுக்கே வேடிக்கையாகிவிட்டது. எதிர்வீட்டு மாமா பல் துலக்கிக்கொண்டே தினமும் கேட்பார்: "என்ன மாப்ள, மதுரை வெயிலு பத்தலையா? ஹீட்டரு வேற வச்சிருக்கீரு? இட்லி வேகுமா அதுல?"

கேலியைச் சித்தப்பா தாங்கிக்கொண்டார். ஆனால் எஞ்சின் வெந்நீரைப் பெட்டிக்குள் விடும் திருகுக் குழாய் சரியாக மூடாமல் எப்போதும் கொஞ்சம் சூடு கசிந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போன நாளில், "காலெல்லாம் வேகுது" என்று சித்தி சொன்னாள். கொட்டாம்பட்டி போய்ச் சேரும்வரை கால்களை மடக்கி இருக்கைமேல் வைத்திருந்தாள். பிள்ளையோடு திரும்பி வரும்போது அப்படி இருக்கக்கூடாது என்று சித்தப்பா அன்றே முடிவு செய்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரைக் கழற்றினோம். எனக்கு ஒன்பது வயது. கழற்றுகிறவருக்கு எழுதி வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைக் கூட வைத்துக்கொண்டார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ரப்பர் குழாய் இரண்டு. கவ்வி நான்கு. திருகாணி ஆறு, அதில் ஒன்று தலை தேய்ந்தது. சின்ன விசிறி ஒன்று. பெட்டி ஒன்று. ஒவ்வொன்றையும் கழற்றியதும் சித்தப்பா சத்தமாகச் சொல்வார், நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதுவேன். எஞ்சினில் குழாய்கள் இருந்த இரண்டு வாய்களையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து இறுக்கினார். மறுநாள் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சிம்மக்கல்லில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். வாழ்க்கையில் நான் பங்கெடுத்த முதல் இயந்திர வேலை அது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிறு, சித்தியைப் பார்க்க இருவரும் காரில் கொட்டாம்பட்டி போனோம். அதிகாலையில் கிளம்பியதால் கார் சூடேறாமல் போய்ச் சேர்ந்தது. சித்தி வாசலுக்கு வந்து காருக்குள் எட்டிப் பார்த்து, பெட்டி இருந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினாள். "அப்பாடி, இனி காலை நீட்டலாம்" என்றாள்.

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் அன்று உச்சிவேளையில், சாப்பிட்ட இலையை எடுக்கக் குனிந்த சித்தி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். "நம்ம வண்டிதான் நிக்குதே, எதுக்குப் பயப்படுறீக?" என்று சித்தப்பா சாவியை எடுத்தார். பின்னால் சித்தி, அவளுடைய அம்மா, நான். சித்திரை மாத வெயில். சித்தப்பா அந்தக் காரை அவ்வளவு வேகமாக ஓட்டி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மேலூருக்குச் சில மைல் இருக்கையில் முன்பக்கம் புகையாக ஆவி எழுந்தது. வண்டி இரண்டு முறை உதறி நின்றது.

சித்தியின் அம்மா ஒரு தகர வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி வயலுக்குள் ஓடினாள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் தொட முடியாமல் சித்தப்பா துண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆறிரும், அஞ்சு நிமிசத்துல ஆறிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறவில்லை. திறந்த கதவோரம் உட்கார்ந்து நான் சித்திக்குக் கையால் விசிறினேன். அவள் என் இன்னொரு கையை மட்டும் பிடித்திருந்தாள்.

நெடுநேரம் கழித்து ஒரு வெங்காய லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து எஞ்சின் மூடிக்குள் பார்த்தார்.

"சீமை வண்டியாச்சே. ஹீட்டரு இருக்குமேண்ணே? கொதிக்க ஆரம்பிச்சதும் அதத் தொறந்து விட்டிருந்தீகன்னா எஞ்சின் சூட்ட அது வாங்கிக்கிருமே. உள்ள உக்கார முடியாது, அம்புட்டுத்தான். வண்டி மேலூரு போயிருக்கும்."

சித்தப்பா கையிலிருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார். விவரம் தெரிந்தவள் நான் ஒருத்தி இருக்கும்போது பதில் இல்லாமல் போகக்கூடாது என்று நினைத்தேன்.

"அது இல்லண்ணே. போன வாரமே கழட்டிட்டோம். நாந்தான் எல்லாத்தையும் எழுதுனேன்."

டிரைவர் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். "சரி சரி, தூக்குங்க, லாரியில ஏத்துங்க" என்றார். என் கையைப் பிடித்திருந்த சித்தியின் பிடி ஒரு கணம் இறுகித் தளர்ந்தது. வலி என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய அம்மா வாளித் தண்ணீரோடு வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தாள். மேகத்துக்குப் பயந்து மூடி வைக்கப்பட்ட கார், நான்கு கதவும் திறந்தபடி ரோட்டோரத்தில் நிற்க, நாங்கள் லாரியில் போனோம்.

பெண் குழந்தை. அழவில்லை. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்று ஒரு நர்சம்மா, யாருக்கும் என்றில்லாமல், தாழ்வாரத்தில் சொல்லிக்கொண்டு போனார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அம்மா, சித்தப்பா, நான் மூவரும் பஸ்ஸில் கொட்டாம்பட்டி போனோம். சித்தி பாயில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தாள். விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வெயிலைச் சொன்னார்கள், சிலர் கிரகத்தை. ஒருத்தி நேராகவே கேட்டாள்:

"தொடச்சுத் தொடச்சு வச்சிருந்த காராச்சேடி. நல்லா ஓடுனது எதுக்கு நின்னுச்சு?"

வாசற்படியில் நின்ற சித்தப்பா நிமிரவில்லை.

"ரேடியேட்டருல ஓட்டையாம்" என்றாள் சித்தி. "பழைய வண்டிதான, யாரு என்ன செய்ய முடியும்?"

ரேடியேட்டரில் ஓட்டை எதுவும் இல்லை. எனக்குத் தெரியும். "இல்ல சித்தி, ஹீட்டர..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி."

கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கியவள் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அவர்கள் எல்லோரும் எழுந்து போகும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அடுத்து வந்தவளிடமும் ரேடியேட்டர் ஓட்டை என்றே சொன்னாள்.

ரேடியேட்டருக்கும் ஹீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத சித்தியை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. பெரியவளானதும் படம் போட்டு அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று, திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்துகொண்டேன்.