அவருடைய நெஞ்சில் மகளின் மணம்

மகள் நாள் நிறையுமுன் கனடாவின் ஒஷாவா நகரில் பிறந்தாள். மூச்செடுக்கத் திணறியதால், ரொறன்ரோவிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். எனக்கோ பிள்ளையை எடுத்த சத்திரசிகிச்சைக் காயம். இரத்த அழுத்தமும் இறங்கவில்லை. கட்டிலைவிட்டு எழும்பக் கூடாது. அவளிருந்த கண்ணாடிப் பெட்டியை என் கட்டிலருகே ஒரு கணம் நிறுத்தினார்கள். அதன் பக்கவாட்டுத் துவாரத்தினூடாக விரலை விட்டு அவளுடைய பாதத்தைத் தொட்டேன். அவ்வளவுதான்.

கணவர் கதவடியில் தடுமாறி நின்றார். "நான் உம்மோட நிக்கவோ, பிள்ளையோட போகவோ?"

"பிள்ளையோட போங்கோ. என்னைப் பாக்க இஞ்சை ஆக்கள் இருக்கினம்."

மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். "நேர்ஸ் என்னைச் சேட்டைக் கழட்டச் சொல்லிப்போட்டு, பிள்ளையை என்ரை நெஞ்சிலை வைச்சவ. தோலோட தோல் படவேணுமாம். பிள்ளை அப்பிடியே அடங்கிப் போச்சுது. மூச்சும் சீராய் வந்தது."

"நல்லது" என்றேன். சந்தோஷம்தான். ஆனால் பக்கத்து அறையில் யாருடையதோ குழந்தை அழுதபோது என் மேற்சட்டை பாலால் நனைந்தது. தலையணையை அணைத்துக்கொண்டு அழுதேன்.

நான் பம்பில் எடுத்து வைத்த பாலைக் கொண்டுபோக மாலையில் அவர் வந்தார்.

"குளிச்சனீங்களோ?"

"இல்லையப்பா. எங்கை நேரம்? மணக்குதோ?"

"சேட்டைக் கழட்டுங்கோ."

விளங்காமல் பார்த்தவர், பிறகு கழற்றினார். அவருடைய நெஞ்சில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். வியர்வைக்கும் ஆஸ்பத்திரிச் சோப்புக்கும் அடியில் இளஞ்சூடான ஒரு மணம் இருந்தது. இருந்ததாகத்தான் நம்பினேன்.

"இதிலைதான் பிள்ளையின்ரை தலை கிடந்தது" என்று இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

என்னை வீட்டுக்குப் போகலாம் என்று விட்டதும் நேரே மகளிடம்தான் போனோம். நேர்ஸ் அவளை வயர்களோடு தூக்கி என் வெறும் மார்பில் வைத்தார். அவள் வீரிட்டு அழுதாள். என்னை அவளுக்குத் தெரியவில்லை என்று நெஞ்சு உடைந்துபோனது.

"பிள்ளையோட கதையும். உம்மடை குரல் அவளுக்குத் தெரியும்" என்றார் கணவர்.

"அம்மா வந்திட்டன், குஞ்சு. அம்மா வந்திட்டன்." அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகியது. கன்னத்தை என்மேல் சாய்த்து உறங்கிவிட்டாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அணைத்தால் "அம்மா, ஐ ஆம் லேற்" என்று நழுவி ஓடுவாள். சில சனிக்கிழமைக் காலைகளில் மட்டும் தானாக வந்து என் போர்வைக்குள் நுழைவாள். அசையாமல் கிடப்பேன். எனக்குக் கிடைக்காமல் போன அந்த முதல் நாட்களின் ஏக்கம், அவள் இப்படிப் பக்கத்தில் கிடக்கும்போதுதான் இன்னும் கூடுகிறது.