சத்தத்துக்காக வேலைக்குப் போகிற பிள்ளை

இன்று நெல்லியடியிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம்பெண் இருந்தாள். நித்திரையிலும் அவளுடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

"காலை ஆட்டாதை பிள்ளை," என்றேன்.

"குறை நினையாதையுங்கோ அன்ரி. மெஷின் மிதிச்ச பழக்கம்."

கட்டுநாயக்காவில் தையல் தொழிற்சாலையில் வேலையாம். லீவு முடிய முதலே திரும்பிப் போகிறாளாம்.

"அவ்வளவு நல்ல சம்பளமோ?"

"சம்பளத்துக்கில்லை, சத்தத்துக்கு. அம்மா செத்து ஒரு வருஷம். பொழுதுபட்டால் கிணத்தடியிலை நிண்டு என்னைக் கூப்பிடுறா. அங்கை மெஷினெல்லாம் ஓடேக்கை கேக்காது."

"விசர்க்கதை கதையாதை."

அவள் கோபிக்கவில்லை. "நீங்கள் வீட்டிலை தனியவோ அன்ரி?"

"ஓம்."

"உங்களை ஒருத்தரும் கூப்பிடுறேல்லையோ?"

"இல்லை," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பின்னேரம், வழக்கம்போல, முன்னறையில் என் கணவருடைய செருமல் கேட்டது. அவர் காலமாகி ஆறு வருஷம். என்னுடைய பழைய தையல் மெஷினில் போய் இருந்து, துணி வைக்காமலே மிதித்தேன். செருமல் கேட்கவில்லை.

காலை எடுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவரும் பார்க்காமல் டிவியை அலறவிடுகிறவர்கள், உண்மையான காரணத்தைக் கீழே எழுதலாம்.