ஏட்டி, மிதிக்கியா?

ஃப்ரிட்ஜ் வாங்கப் போன மனுஷன் சைக்கிளோடு வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் ஆத்திரம் வராது? சாணக்கியபுரியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் டில்லியைக் காலி செய்துகொண்டு போகிறது, சாமான்களைச் சல்லிசாக விற்கிறார்கள் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சென்ட்ரல் கவர்ன்மென்ட்டில் இருந்த நம் ஆட்களுக்கு இந்த மாதிரி விற்பனை என்றால் திருவிழாதான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் வெள்ளைக்காரன் விட்டுப்போன சோபாவோ மிக்ஸியோ இருக்கும். என் கணவரும் போனார். சாயங்காலம் கீழே குழந்தைகள் கூச்சல் போடுவதைக் கேட்டு பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நீளமாக ஒரு சைக்கிள். இரண்டு சீட், இரண்டு ஜோடி பெடல், இரண்டு கைப்பிடி. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தியவன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு இவர் நிற்கிறார்.

"ஃப்ரிட்ஜ் எங்க?" என்றேன்.

"அது முன்னாலயே வித்துப் போச்சு. இதுல ரெண்டு பேரும் போகலாம்லா."

இரண்டு நாள் நான் பேசவில்லை. அது அவருக்கு ஒரு தண்டனையே இல்லை என்பது வேறு விஷயம். அவராகவே பேசுகிற ஆள் கிடையாது. காலையில் ஆபீஸ், சாயங்காலம் வந்தால் ரேடியோ, ராத்திரி தூக்கம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கத்திரிக்காய் விலைக்கு மேல் பேச என் ஹிந்தி போதாது. "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று இவரிடம் சண்டை பிடிப்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும்.

சேலையோடு அந்தச் சீட்டில் உட்கார முடியாது. அதனால் நாற்பதை நெருங்கும் வயதில் முதன்முதலாகச் சுரிதார் போட்டேன். திருநெல்வேலியில் யாராவது பார்த்திருந்தால், "டில்லிக்குப் போனதும் ஆட்டத்தைப் பாரு" என்றிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு முருகனைப் பார்க்கக் கிளம்புவோம். அவர் முன் சீட், நான் பின் சீட். "சர்க்கஸ் ஆ கயா!", சர்க்கஸ் வந்தாச்சு என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வரும். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வாசலில் நின்று, "க்யா ஆராம் ஹை, பாபிஜி!" என்பாள். பின்னால் உட்கார்ந்து சொகுசாகப் போகிறேனாம்.

சொகுசை அவள் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பின்னால் இருக்கும் கைப்பிடி சும்மா பிடித்துக்கொள்ளத்தான், திருப்பினால் திரும்பாது. பிரேக் கிடையாது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. பள்ளம் வந்ததை என் இடுப்புதான் எனக்குச் சொல்லும். டில்லியில் நான் பார்த்ததெல்லாம் அவர் முதுகுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரிந்ததுதான். நடுவில் எப்போதும் அந்த முதுகு, குளிர்காலம் என்றால் அதன்மேல் ஒரு பச்சை ஸ்வெட்டர். நான் ஏதாவது சொன்னால் காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும், அவர் காதுக்கு எட்டாது. கைக்கு எட்டும் தூரத்தில் புருஷன் இருக்க, இவ்வளவு தனியாக யாராவது ஊர் சுற்றியிருப்பார்களா? சில நாள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "ஏட்டி, மிதிக்கியா?"

அந்தச் சைக்கிளில் இரண்டு பேர் பெடலையும் ஒரு சங்கிலி சேர்த்துக் கட்டியிருக்கும். ஒருவர் மிதித்தால் போதும், மற்றவர் காலும் தானாகச் சுற்றும். யார் உழைக்கிறார், யார் ஓசியில் வருகிறார் என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது. மார்க்கெட்டைத் தாண்டும்போது கடைகளில் தொங்கும் துணிகளைப் பார்த்துக்கொண்டு நான் காலைச் சும்மா விடுவேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியாக அந்த நேரத்தில் கேட்பார்.

"மிதிக்கத்தான செய்யுதேன்! முதுகுல கண்ணா இருக்கு உங்களுக்கு?" என்று கத்துவேன்.

இரண்டாயிரம் பிறந்த சமயம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்குகிற வேலை எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப்பின் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே படிக்கட்டு ஓரம் சாத்தியிருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருப்பார். ரேடியோகூட வைப்பதில்லை. சாப்பாட்டைக் கொண்டுவைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். வலி கொல்லாவிட்டாலும் இப்படி உட்கார்ந்திருப்பதே கொன்றுவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் மிதித்தால் அவர் கால் தானாகத்தானே சுற்றப்போகிறது? ஆனால் பெண்டாட்டி தன்னை இழுத்துக்கொண்டு போகிறாள் என்று தெரிந்தால் அந்த ரோஷக்காரர் சைக்கிளை அன்றைக்கே காயலான் கடையில் போட்டுவிடுவார். அதனால் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. "டாக்டர்ட்ட கேட்டேன், லேசா மிதிக்கலாம்னுட்டார். வாங்க, கோயிலுக்குப் போவோம்," என்றேன். முகம் மலர்ந்து எழுந்து வந்தார்.

இரண்டு பேர் பாரத்தை ஒரு ஜோடிக் காலால் இழுப்பது லேசான காரியமா? முதல் நாள் தொடை இரண்டும் பற்றி எரிந்தது. மூச்சு இரைக்கிற சத்தம் அவருக்குக் கேட்டுவிடுமே என்று துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மிதித்தேன். ரயில் பாதைக்கு மேலே போகும் மேம்பாலத்து மேடுதான் எமன். நல்லவேளை, மேட்டுக்கு முன்னால் இருந்த டீக்கடை வந்ததும், "கொஞ்சம் நிப்போமா? டீ குடிக்கணும்போல இருக்கு," என்பார். எனக்கு உயிர் வரும். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பாதிகூடக் குடிக்க மாட்டார். கோயிலில் படியேற முடியாததால் அவர் கீழேயே நிற்க, நான் மட்டும் ஏறிப்போய்க் கும்பிட்டு வருவேன்.

அந்த நாட்களில்தான் அவர் பேசினார். அதிசயம்தான். "பள்ளம் வருது, பிடிச்சுக்கோ" என்றார். "எடது பக்கம் பாரு, கொன்றை என்னமா பூத்திருக்கு" என்றார். மிதிக்கிற சிரமம் இல்லாததால் பேச்சு வருகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு நான்தான் பதில் சொல்ல முடியாமல், "ம்" என்பேன்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு ஜனவரி விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பேச்சில்லாத வீடு எனக்குப் புதிதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பேசாத ஆள் இருக்கும் வீடும் ஆளே இல்லாத வீடும் ஒன்றா? குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிய நாள் நெருங்கியது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்தாள். என்னைப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ, கையைப் பிடித்து இழுத்தாள். "சலோ பாபிஜி, ஆஜ் மை பீச்சே பைட்டூங்கி." இன்றைக்குச் சைக்கிளில் அவள் பின்னால் உட்காரப்போகிறாளாம்.

பள்ளிக்கூட நாட்களில் வாடகைச் சைக்கிள் ஓட்டியவள்தான் நான். ஆனாலும் அந்தச் சைக்கிளின் முன் சீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்தேன். எதிரே முதுகு இல்லை. ரோடு முழுசாகத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கால் பழகிய வழியிலேயே போனது. டீக்கடையைத் தாண்டி மேடு ஏறினோம்.

திடீரென்று பெடல் கனத்தது. நான் திரும்பவில்லை, திரும்ப வேண்டியிருக்கவும் இல்லை. பின்னால் இருப்பவள் மிதிப்பதை விட்டுவிட்டாள் என்று என் உள்ளங்காலுக்கே தெரிந்தது. எப்போது மிதிக்கிறாள், எப்போது விடுகிறாள் எல்லாம் சங்கிலி வழியாக அப்படியே முன்னால் வந்துவிடுகிறது. என் வாய் தானாகக் கேட்டது, அதுவும் தமிழில். "ஏட்டி, மிதிக்கியா?"

"க்யா?" என்றாள் அவள்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அந்த இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கீழ் வீட்டு அம்மாள் பயந்துபோய் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எந்த ஹிந்தியில் சொல்ல? பாலத்துக்குக் கீழே அந்த டீக்கடை தெரிந்தது. அந்த டீ எல்லாம் யாருக்காக என்று இப்போது புரிந்து என்ன பிரயோஜனம்?

"பாவி மனுஷா," என்றேன் சத்தமாக, நடுரோட்டில். "தெரிஞ்சேதான் உக்காந்திருந்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வாய்விட்டு மூச்சாவது வாங்கியிருப்பேனே!"