எதிர்சேவைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்

வைகையில் அழகர் இறங்கும் இடத்திலிருந்து எங்கள் சந்து கூப்பிடு தூரம். சித்திரைத் திருவிழா வந்தால் எங்கள் வீடு எங்களுடையது இல்லை. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், அவரை ஊர் எல்லையில் வரவேற்கும் எதிர்சேவை அன்று காலையிலேயே வெளியூர்ச் சனம் வந்து இறங்கிவிடும். முன்பின் தெரியாதவர்கள், "தாயி, பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கிறேன்" என்று அடுப்படி வரை போவார்கள். மொட்டை மாடி முழுக்கக் கட்டுச்சோற்று மூட்டை, கொல்லையில் கக்கூசுக்கு வரிசை. திருவிழாவைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வரும். சாமி பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினால் அந்த வருஷமே விளங்காது என்பது அம்மாவின் நம்பிக்கை.

பெரும்பாடு குடிதண்ணீர்தான். மற்ற கோடை நாட்களில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி இறைப்போம். திருவிழாவில் அந்த மணலில் கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த தெருக் குழாயில் விடியுமுன் குடத்தை வைத்து இடம்பிடித்து, சண்டை போட்டு, அம்மாவும் அக்காவும் நானும் சுமந்து வருவோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, கழுவத்தான் ஆகும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் அக்காவின் கல்யாணப் பேச்சும் இதில் சேர்ந்துகொண்டது. அதுவரை வந்த இடங்கள் கூடிவராமல் போனதில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஓர் இடம் கொண்டுவந்த தரகர், "திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்து பொண்ணப் பாத்துட்டுப் போவாக. நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறாதீக தங்கச்சி" என்றார். எங்கள் பக்கம் அப்படி வருவது உண்டு. பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஆனால் வீடு கொள்ளாத கூட்டத்தில் அவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அதை அந்த மகராசன் யோசிக்கவே இல்லை.

எதிர்சேவை அன்று மதியம் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் புருஷனும் மகனுமாக வந்தார். இவர்கள்தான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். பாய் விரித்தாள். அக்காவுக்குப் பூ வைத்து, அவள் கையாலேயே கேசரியும் வடையும் கொடுக்கவைத்தாள். அவர்களும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள், "இம்புட்டு உபசாரம் எங்கயும் பாத்ததில்ல. அடுத்த மாசம் பையனுக்குக் கல்யாணம். அவசியம் விருதுநகர் வாங்க" என்றார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடிவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால், கொல்லையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் குடிதண்ணீர்க் குடத்தின் தட்டை எடுத்துவிட்டு, சொம்பு சொம்பாக மோந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கூட வந்த வயதான அம்மாள் நிழலில் உட்கார்ந்திருந்தார். அக்கா வேகமாக வந்தாள்.

"ஏண்ணே, அது குடிக்கிற தண்ணி. கழுவுறதுக்குத் தொட்டியில இருக்குல்ல?"

"திருவிழாவும் அதுவுமா தண்ணிக்குப் போயி கணக்குப் பாக்குறியேம்மா" என்று சிரித்தவர், இன்னொரு காலையும் நிதானமாகக் கழுவினார். அவர் ஊரில் பம்புசெட்டுத் தண்ணீர் வரப்பு தாண்டி ஓடியிருக்கும். எனக்கோ மாடியிலிருந்து எதையாவது தூக்கிப் போடலாமா என்று வந்தது.

திருவிழா முடிந்து தரகர் சிரித்த முகமாக வந்தார். "அவுகளுக்குச் சம்மதம். பொண்ணு துடியா இருக்கு, வீட்டப் பொறுப்பாப் பாக்குதுன்னு மாப்ளயோட அம்மாவுக்கு ஒரே சந்தோசம். நீலச் சட்டை போட்டுக்கிட்டுக் கொல்லையில கால் கழுவுனாருல்ல, அவருதான் மாப்ள."

அம்மா அழகர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்கு வேணாம்மா" என்றாள் அக்கா.

அம்மா கத்தித் தீர்த்தாள். "வயசு ஏறிக்கிட்டே போகுது. வந்த மகாலட்சுமிய வேணாங்கிறியே! அவருக்கு என்னடி குறை?"

"குடிதண்ணில கால் கழுவுனாரு."

"தெரியாமக் கழுவியிருப்பாரு!"

"நான் சொன்ன பெறகும் கழுவுனாருமா. சிரிச்சுக்கிட்டே."

அம்மா தன் ரவிக்கைக் கையில் போட்டிருந்த தையலைத் தடவினாள். எதிர்சேவை அன்று விடிகாலை குழாயடித் தள்ளுமுள்ளில் கிழிந்தது அது. தரகர் மெல்ல, "ஜாதகம் தோதுப்படலன்னு சொல்லிரவா?" என்று கேட்டார்.

"வேணாண்ணே" என்றாள் அம்மா. "பொண்ணுக்குப் பிடிக்கலன்னே சொல்லுங்க."